சாம்பலிலிருந்து ஒரு நாள் முன்பே எடுத்த இரும்பு

வெல்டிங் கம்பியில் எத்தனை வகை, எந்த இரும்புக்கு எவ்வளவு சூடு என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அதில் என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் வந்து பேச வேண்டும் என்று கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். கொட்டகலைக்குத் திரும்பிப் போகிற பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். முப்பத்தாறு வருடம் தோட்டத்து மெக்கானிக்காக இருந்திருக்கிறேன். அதில் ஒரு முற்பகலை மட்டும் இன்றைக்கும் என்னால் உட்கார்ந்தபடி நினைக்க முடிவதில்லை. எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவேன். அதைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நாட்டில் டீசல் இல்லாமல் போன காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். கரண்ட் ஒரு நேரம் இருக்கும், ஒரு நேரம் இருக்காது. எங்கள் பெக்டரியை மூடிவிட்டார்கள். எடுக்கிற கொழுந்தைக் கீழே எட்டுக் கிலோமீட்டரில் இருந்த இன்னொரு பெக்டரிக்கு அனுப்பினோம். லொறி டீசல் குடிக்கிறது என்று அதையும் நிறுத்தியாயிற்று. மிஞ்சியது ஒரு பழைய ட்ரெக்டர். என் வயதில் பாதிக்கு மேல் அதற்கு இருக்கும். அதை ஓட்டியவன் புஷ்பராஜ், என் மனைவியின் தம்பி.

ஒரு நாள் மழையில் அரித்த ரோட்டில் முன்சக்கரம் ரோட்டோர வடிகால் கானுக்குள் இறங்கிவிட்டது. ஆட்களைச் சேர்த்து வண்டியைத் தள்ளி வெளியே எடுத்தபோது வண்டியின் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முன் அச்சு தொங்கிக்கொண்டிருக்கிற வார்ப்பிரும்புத் தாங்கி மூலையில் வெடித்திருந்தது. முன்சக்கரம் இரண்டும் வண்டியும் சேருகிற இடம் அது ஒன்றுதான். அது விட்டுப்போனால் ஸ்டியரிங் கையில் இருந்தும் பயன் இல்லை.

புதுத் தாங்கி எங்கேயும் கிடைக்கவில்லை. நுவரெலியா, ஹட்டன், கொழும்பில் வண்டிச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தை வரைக்கும் போன் போட்டுப் பார்த்தாயிற்று. கப்பலில் சாமான் வந்தால்தானே கடையில் இருக்கும்.

தோட்டத்து மேனேஜர், நாங்கள் துரை என்போம், பட்டறைக்கே வந்தார். கெட்டவர் இல்லை. அந்த மாதங்களில் அவரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். எங்களைப் போன்ற தொழிலாளிகளை அவர் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்.

“பாஸ், ஒட்டிப் போட முடியுமா?”

“முடியுங்க சேர்.”

“நாளைக்குக் காலைல வண்டி ஓடணும். கொழுந்து மலையிலயே முத்திப் போகுது.”

“பாக்குறேங்க சேர்.”

இந்த ‘பாக்குறேன்’ என்ற சொல்லை நான் வாழ்க்கை முழுக்கச் சொல்லியிருக்கிறேன். முடியாது என்று சொல்லப் பயமாக இருக்கும்போது வருகிற சொல் அது.

வார்ப்பிரும்பை ஒட்டுவது கஷ்டம் இல்லை. ஆற வைப்பதுதான் கஷ்டம். எங்கள் பெக்டரி மூடிக் கிடந்ததில் ஒரே ஒரு நன்மை, தேயிலை காய வைக்கிற பெரிய விறகு அடுப்பு சும்மா இருந்தது. தாங்கியைக் கழற்றி அந்த அடுப்பில் முழுதாகச் சூடேற்றினேன். மத்தியானம் கரண்ட் வந்த நேரத்தில் ஒட்டினேன். ஒட்டு நன்றாகவே பிடித்தது, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. பிறகு அடுப்படியில் குவிந்திருந்த சாம்பலுக்குள் அதைப் புதைத்தேன். அந்தக் கனத்துக்கு இரண்டு நாள் கிடக்க வேண்டும். குறைந்தது ஒன்றரை நாள். கையை வைத்தால் சில்லென்று ஆகும் வரைக்கும் யாரும் தொடக்கூடாது, சட்டென்று குளிர்ந்தால் வெடித்துவிடும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எடுத்துவிட்டேன்.

யாரும் எடுக்கச் சொல்லவில்லை. துரை பட்டறை வாசலோடு மோட்டார் சைக்கிளில் போனார், நிற்கவில்லை, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூக்க முடிந்தது, அவ்வளவு சூடு. மேசையில் வைத்தேன். கதவு திறந்திருந்தது. வெளியே பனிமூட்டம், அந்தக் குளிர்காற்று நேராக மேசைக்கு வந்தது.

போல்ட்டைத் தேடித் திரும்பியபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம். கண்ணாடி டம்ளரை நகத்தால் ஒரு தடவை தட்டினால் வருமே, அந்த அளவுதான்.

நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் பட்டறைக்குத் தகரக் கூரை. வெயில் ஏறும்போது தகரம் விரிந்து அப்படித்தான் சத்தம் போடும், தினமும் கேட்கிறதுதான். கூரைதான் என்று முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்தேன் என்கிற சொல்லைக் கவனியுங்கள். தாங்கியை ஒரு தடவை சாக்கால் துடைத்துப் பார்த்தேன், ஒட்டின் மேல் அரத்தை ஓட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. உடனே கறுப்புப் பெயின்ட் அடித்தேன். அந்தச் சூட்டில் பெயின்ட் அடித்த கையோடு காய்ந்துவிட்டது. பார்க்கப் புதுச் சாமான் போல இருந்தது.

புஷ்பராஜும் நானும் அதை ஏற்றி மாட்டினோம். பத்து மணிக்கு முன்பே வண்டி கிளம்பிவிட்டது.

“கொழுந்து மட்டும் ஏத்து. கொஞ்சம் மெதுவாப் போ,” என்றேன்.

“ஏன் மச்சான், ஏதும் இருக்கா?”

“ஒண்ணுமில்ல. புது ஒட்டுதானே.”

அவன் என்னைக் கேட்டான். நேராகக் கேட்டான். நான் ஒன்றுமில்லை என்றேன்.

வண்டி போன பிறகு என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. ஸ்பானர்களைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன். மேசையில் தாங்கி இருந்த இடத்தில் சாம்பல் ஒட்டியிருந்தது, அதைத் தட்டிவிட்டேன். வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தேன். மூட்டத்தில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது பெக்டரி வாச்சர் தேத்தண்ணி கிளாஸோடு வந்தார். “புஷ்பராஜு புண்ணியத்துல பொம்பளைகளுக்கு இன்னைக்கு நடை மிச்சம்,” என்றார்.

“என்ன நடை?”

“கிளினிக் நாளுல்ல. பஸ்ஸும் இல்ல. கொழுந்து நிறுக்குற எடத்துல அத்தன பேரும் ட்ரெய்லர்ல ஏறிட்டாங்க. கைப்புள்ளக்காரிக மட்டும் அஞ்சாறு பேரு.” கிளாஸை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்: “பாவம், குளுருல போகுதுங்க. காலையில இருந்து வெயில் மொகத்தையே காட்டல.”

வெயில் முகத்தையே காட்டவில்லை. அப்படியானால் தகரம் எப்படி விரியும்?

வாச்சர் அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று தெரியாது. கையில் இருந்த ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் இறங்கி ஓடினேன்.

எங்கள் ரோடு மலையைச் சுற்றி ஏழு வளைவில் கீழே இறங்கும். ஐந்தாவது வளைவில் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டினால் ரோடு செங்குத்தாகச் சரியும், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு வரைக்கும் பள்ளம். அந்தச் சரிவில் ஏற்றிய வண்டியின் பாரமெல்லாம் முன்னுக்குத்தான் வரும். அதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். ரோட்டால் போனால் பிடிக்க முடியாது. தேயிலைக்கு நடுவில் கொழுந்து எடுக்கிறவர்கள் இறங்குகிற குறுக்குப் பாதை நேராகப் பாலத்துக்குப் போகும்.

எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் நல்ல நிலையில் இல்லை. பாதை ஈரத்தில் சவுக்காரம் போல வழுக்கியது. தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். கீழே எங்கேயோ எஞ்சின் சத்தம் கேட்கும், மூட்டத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாது, பிறகு இல்லாமல் போகும். சத்தம் நின்றால், நின்றது வளைவாலா இல்லை வேறு எதனாலா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். மறுபடி கேட்டால் ஓடுவேன். ஒரு இடத்தில் விழுந்து கானுக்குள் உட்கார்ந்துவிட்டேன். அப்போது மேலே, எனக்கு மேலே, அந்தச் சத்தம் கேட்டது. வண்டியை முந்திவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. பிறகு எழுந்து பாலம் வரைக்கும் போனேன்.

மூட்டத்துக்குள்ளிருந்து வண்டியின் மூக்கு வெளியே வந்தபோது ரோட்டு நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். புஷ்பராஜ் மிதித்து நிறுத்தினான்.

“மச்சான், என்னா இது? ரோட்டு நடுவுல வந்து நிக்கிறீங்க?”

“எஞ்சினை நிப்பாட்டு. சக்கரத்துக்குக் கல்லு வையி. எல்லாரையும் எறங்கச் சொல்லு.”

ட்ரெய்லரில் கொழுந்துச் சாக்குகளுக்கு மேல் பதினைந்து பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். தலையில் சாக்குத் துண்டு, கையில் பிள்ளைகள். என் லயத்துக்கு, அதுதான் எங்கள் வரிசை வீடுகளுக்கு, அடுத்த லயத்துப் பெண் சுகந்தி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் நான்கு மாதக் குழந்தை.

“எறங்க முடியாது மாமா,” என்றாள். “பன்னெண்டு மணிக்குக் கிளினிக்க மூடிருவாங்க. போன மாசமும் ஊசி போடாமத்தான் திரும்பி வந்தோம்.”

“வண்டி சரியில்லம்மா.”

“காலைல நீங்கதானே சரி பண்ணிக் குடுத்தீங்க?”

பதில் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது ஒரு போல்ட்டை இறுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அதைச் சொல்லி, குனிந்து எதையாவது திருகிவிட்டு, போகச் சொல்லிவிடலாம். உண்மையாகவே அப்படித் தோன்றியது, உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

“சூடு ஆறுறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்,” என்றேன். “எடுத்து வச்சப்ப ஒரு சத்தம் கேட்டிச்சு. வெடிச்சிருக்கலாம். நான் யாருகிட்டயும் சொல்லல.”

புஷ்பராஜ் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

“வெடிச்சிருக்கா, வெடிக்கலயா?”

“பாத்தாத்தான் தெரியும்.”

வெடிப்பு மயிரை விட மெல்லியதாக இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயைத் தடவி, துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புத் தூளைத் தூவினால் வெடிப்புக்குள் போன எண்ணெய் கசிந்து கோடு காட்டும். ரோட்டில் சுண்ணாம்புக்கு எங்கே போவது? நான் முணுமுணுத்தது சுகந்திக்குக் கேட்டிருக்க வேண்டும். பையைத் துழாவிக் குழந்தைக்குப் போடுகிற பவுடர் டின்னை எடுத்து நீட்டினாள்.

ஸ்க்ரூட்ரைவரால் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டினேன். புஷ்பராஜ் டேங்கிலிருந்து துணியில் கொஞ்சம் டீசல் நனைத்துத் தந்தான். தடவினேன். ஒரு சிகரெட் குடிக்கிற நேரம் பொறுத்தேன். அழுத்தித் துடைத்துவிட்டுப் பவுடரைத் தட்டினேன். இரும்பு வெள்ளையாகிவிட்டது. பெண்கள் எல்லாரும் எப்போது இறங்கி வந்தார்கள் என்று தெரியாது, என்னைச் சுற்றி நின்றார்கள். குழந்தை வாசம் அந்த இடத்தில் வந்தது.

முதலில் ஒன்றும் இல்லை. நல்ல வேளை, ஒன்றும் இல்லை என்று மூச்சு விட்டேன். அவமானம் ஒன்றுதான் மிச்சம், போகட்டும் என்று நினைத்தேன். அப்போது ஒட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நான் தொடவே தொடாத நல்ல இரும்பில், ஒரு புள்ளி நனைந்தது. அது நீண்டது. என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு, தாங்கியின் உள்பக்கமாகப் போய் மறைந்தது.

சுகந்தி என் கையிலிருந்து பவுடர் டின்னை வாங்கினாள். மூடியை இறுக்கி மூடிப் பைக்குள் வைத்தாள். குழந்தையைத் துண்டால் சுற்றி இடுப்பில் ஏற்றிக்கொண்டு கீழே நடக்கத் தொடங்கினாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள். கூடவே வருகிறேன், ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறேன் என்றேன்.

“நீங்க வண்டியப் பாருங்க மாமா,” என்றாள் திரும்பாமலே. அவர்களில் பாதிப் பேர் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று பிறகு தெரிந்தது.

நானும் புஷ்பராஜும் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். அவன் ஆற்றைப் பார்த்தபடி சொன்னான்.

“நீங்க சொல்லியிருந்தாலும் நான் வண்டிய எடுத்திருப்பேன் மச்சான். தொரை சொன்னா எடுத்துத்தானே ஆகணும். ஆனா ஆளை ஏத்தியிருக்க மாட்டேன். அதையாவது என் கையில விட்டிருக்கலாம்.”

அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை.

துரை மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது சாக்குகளுக்குள் கொழுந்து சூடேறத் தொடங்கியிருந்தது. அன்றைய பறிப்பு முழுக்க வீணாகப் போயிற்று.

“பாஸ், யாரு வண்டிய நிப்பாட்டினது?”

“நான்தாங்க சேர்.”

“யாரு போகச் சொன்னது?”

“அதுவும் நான்தாங்க.”

கோட்டைக் காட்டினேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். ரோட்டின் சரிவைப் பார்த்தார், பிறகு மறுபடி கோட்டைப் பார்த்தார்.

“எத்தனை நாள் வேணும்?”

“ஒட்டின பெறகு ரெண்டு முழு நாள் சாம்பல்ல கெடக்கணும் சேர். நடுவுல யாரும் தொடக்கூடாது. நான் உட்பட.”

“எடுத்துக்கங்க,” என்றார்.

அவ்வளவுதான். கேட்டதும் கொடுத்துவிட்டார். எச்சரிக்கைக் கடிதமும் மறுநாளே வந்தது, அது வேறு. முதல் நாளே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லையே. அவர் மறுத்துவிடுவார் என்று என் மனதுக்குள்ளேயே அவருக்காக நானே பதில் சொல்லிக்கொண்டேன். நீங்களும் இதைச் செய்வீர்கள். செய்யும்போது தெரியாது. மேலே இருக்கிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்குப் பயந்து வேலையைக் குறைத்துக்கொள்வீர்கள்.

வண்டியின் மூக்கைப் பாலத்தருகிலேயே மரக்கட்டைகளின் மேல் தாங்க வைத்துவிட்டு, தாங்கியை மட்டும் கழற்றி, கழியில் கட்டி, நாலு பேராகக் குறுக்குப் பாதையில் மேலே தூக்கிக்கொண்டு போனோம். வெடிப்பைக் கடைசி வரைக்கும் தோண்டி எடுத்து, மறுபடி சூடேற்றி, ஒட்டி, சாம்பலில் புதைத்தேன்.

அந்த இரண்டு நாள் போல நீளமான நாட்களை நான் பார்த்ததில்லை. கொழுந்து கொண்டுபோக வழி இல்லை என்று மலையில் பாதிப் பேருக்கு வேலை கொடுக்கவில்லை. பட்டறையைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். “இன்னும் ஆறலயா பாஸ்?” என்று ஒருவர் கேட்பார். கேட்காமல் போகிறவர்களின் பார்வை அதைவிட மோசம். நான் அடுப்படிக்குப் போவேன், சாம்பலுக்கு மேலே கையைப் பிடிப்பேன், திரும்பி வருவேன். வீட்டில் என் மனைவி சோறு போட்டுவிட்டு எதிரே உட்காராமல் அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். அவள் தம்பி அல்லவா. முதல் நாள் மத்தியானம் ஒரு கட்டத்தில் மண்வெட்டியைக் கையில் எடுத்தே விட்டேன். எடுத்தால் இன்றைக்கே மாட்டிவிடலாம். மண்வெட்டியைக் கொண்டுபோய் வாச்சரிடம் கொடுத்து, “நான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. வாங்கித் தன் காவல் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாளும் முழுசாகக் கழிந்து மூன்றாம் நாள் காலையில் எடுத்தபோது இரும்பு சில்லென்று இருந்தது. கோடு எங்கேயும் இல்லை. பாலத்துக்குக் கொண்டுபோய் மாட்டினேன். பெயின்ட் அடிக்கவில்லை.

புஷ்பராஜ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் முதல் தடவையாகப் பேசினான்.

“என்னா இருக்கு, சொல்லுங்க.”

எல்லாவற்றையும் சொன்னேன். பழைய ஒட்டு நன்றாக இருக்கிறது. புது ஒட்டும் பிடித்திருக்கிறது. இடப்பக்க மூலையில் இரண்டு தடவை ஒட்டுச் சூடு பட்டிருக்கிறது, அந்த இடத்தை மட்டும் நான் முழுக்க நம்பவில்லை. சோதித்ததில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் நம்பவில்லை.

அவன் கோபப்படவில்லை. ரோட்டை மேலும் கீழும் பார்த்தான்.

“அந்த மூலை விட்டுப்போச்சுன்னா வண்டி எந்தப் பக்கம் இழுக்கும்?”

“இடப்பக்கம்.”

விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணினான். “எறங்கும்போது ரெண்டு எடத்துலதான் இடப்பக்கம் பள்ளம். ஏறும்போது மூணு எடம், ஆனா அப்ப வெறும் வண்டி. அந்த எடத்துல எல்லாம் ரோட்டு நடுவுலயே ஒண்ணாங் கியர்ல போறேன். எதுக்க வண்டி வந்தா அவன் நிக்கட்டும். கொழுந்து பாதி. ஆளு யாரும் ஏறக்கூடாது, யாரு கெஞ்சினாலும்.” என்னைப் பார்த்தான். “சரியா?”

“சரி.”

அந்தத் தாங்கியோடு வண்டி எட்டு மாதத்துக்கு மேல் ஓடியது. புதுச் சாமான் வந்து மாற்றும் வரைக்கும் அவன் அப்படியேதான் ஓட்டினான்.

எந்தப் பக்கம் இழுக்கும் என்கிற அந்தக் கேள்வி எனக்கு ஆயுசுக்கும் தோன்றியிருக்காது. நான் இரும்பைப் பார்க்கிறவன், அவன் ரோட்டைப் பார்க்கிறவன். எனக்குத் தெரிந்த பாதியை நான் மறைத்ததால் அவனுக்குத் தெரிந்த பாதி அன்றைக்குப் பயன்படாமல் போனது. ஆகவே உங்கள் கையில் ஒரு சந்தேகம் இருந்தால் அதைத் துரையிடம் அப்புறம் சொல்லலாம். முதலில் ஓட்டப்போகிறவனிடம் சொல்லுங்கள். அவன் சீட்டில் ஏறுவதற்கு முன்னால் சொல்லுங்கள்.